தவணைக்குக் கொடுத்த போனைப் பூட்டுவது சரி, திறப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சிறு ஊரில் மொபைல் கடை. ஒரு நிதி நிறுவனத்தோடு சேர்ந்து மாதம் நாற்பது போன் வரை தவணையில் போகிறது. டியூ கட்டாதவரின் போனை இருந்த இடத்திலிருந்தே பூட்ட முடியுமா? ரீசெட் அடித்தால் பூட்டு போய்விடுமா? ஐபோனுக்கு உண்டா? சட்டம் என்ன சொல்கிறது?

பூட்ட முடியும். ஆனால் ‘லாக் ஆப்’ என்று சந்தையில் ஒரே பெயரில் விற்பவை ஒரே சரக்கு அல்ல. பூட்டு நிற்குமா நிற்காதா என்பது டியூ தவறிய அன்றைக்கு முடிவாவதில்லை. பெட்டியைப் பிரித்து முதல் பத்து நிமிடத்தில் போனை எப்படி அமைத்தீர்கள் என்பதில் முடிவாகிவிடுகிறது. இன்னொன்று, பூட்டுவது எளிது. பணம் கட்டியவருக்கு உடனே திறந்துவிடுவதுதான் வேலை. இந்தத் தொழிலில் வரும் சண்டையில் பெரும்பகுதி ‘கட்டிட்டேன், இன்னும் திறக்கல’ என்பதுதான்.

முதலில் எதை வாங்கக் கூடாது என்று பார்த்துவிடலாம். பழைய வகை ஆப்கள் ‘டிவைஸ் அட்மின்’ அனுமதி கேட்டு உட்காரும். கடையில் போனை வாடிக்கையாளர் பெயரில் முழுக்க அமைத்த பிறகு இன்ஸ்டால் செய்வார்கள். இந்த அனுமதியைச் செட்டிங்ஸில் போய் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், பிறகு ஆப்பை நீக்கிவிடலாம். போனை சேஃப் மோடில் ஓட விட்டால் வெளியிலிருந்து போட்ட ஆப் எதுவும் இயங்காது, பூட்டும் சேர்ந்து தூங்கிவிடும். திரைமேல் திரையாக ஒரு படத்தைப் பரப்பி, அக்சசிபிலிட்டி அனுமதியை (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஆப்களுக்கென்று உள்ள அனுமதி) பிடித்துக்கொண்டு மிரட்டும் ஆப்கள் இதைவிட மோசம். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பே அவற்றைக் கொன்றுவிடும். மாதம் மலிவாகக் கிடைக்கிறது என்று இதில் இறங்கினால், நேர்மையான வாடிக்கையாளர் மட்டும் பூட்டுக்குள் மாட்டுவார். ஏமாற்ற நினைப்பவர் பக்கத்து சர்வீஸ் கடையில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

நிற்கும் முறைக்கு ஆண்ட்ராய்டில் பெயர் ‘டிவைஸ் ஓனர்’. அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போனை நிர்வகிக்க வந்த ஏற்பாடு. ஒரு போனில் ஒரே ஒரு ஆப்தான் டிவைஸ் ஓனராக இருக்க முடியும், அதுவும் புதிய போனிலோ ரீசெட் அடித்த போனிலோ கூகுள் கணக்கு எதுவும் சேர்க்கும் முன்புதான் அதை அமர்த்த முடியும். அப்படி அமர்ந்த ஆப்பை நீக்க முடியாது. சேஃப் மோடை அடைக்கும், கம்ப்யூட்டரில் இணைத்துப் போனுக்குக் கட்டளை கொடுக்கும் யூஎஸ்பி டீபக்கிங்கை அடைக்கும், செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்வதை அடைக்கும், தேதி நேரத்தை மாற்றவிடாது.

அமைக்கும் விதம்: பெட்டியிலிருந்து எடுத்ததும் வரும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் கியூஆர் படிக்கும் கேமரா திறக்கும். ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த வழி உண்டு. ஆண்ட்ராய்டு 9க்கு முந்தைய போன்களில் கியூஆர் படிப்பானை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் என்பதால் முதலில் வைஃபையில் சேர்க்க வேண்டும். லாக் ஆப் கொடுத்த நிறுவனத்தின் பேனலில், அதாவது போன்களை நிர்வகிக்கும் இணையப் பக்கத்தில் கிடைக்கும் கியூஆரைக் காட்டினால் ஆப்பை இறக்கி, டிவைஸ் ஓனராக அமர்த்திவிட்டு மீதி அமைப்புக்குப் போகும்.

இங்கே என்னவெல்லாம் கெடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். போனின் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு அமையாமல் ஆப் இறங்காது. பாதியில் நின்று ‘அமைக்க முடியவில்லை’ என்று ரீசெட்டுக்குப் போகும். அந்த நிறுவனம் ஆப்பை வேறு டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டு வெளியிட்டும் உங்கள் சுவரில் பழைய கியூஆர் ஒட்டியிருந்தால் கையெழுத்து பொருந்தாமல் அதே பிழை வரும். அமைத்து முடித்ததும் கேமராவையோ கேலரியையோ காணோம் என்றால் போன் கெடவில்லை. டிவைஸ் ஓனர் அமைப்பில் போனோடு வந்த ஆப்களில் அவசியமற்றவை என்று கருதுபவற்றை ஆண்ட்ராய்டு தானாகவே முடக்கிவிடும். ‘எல்லா சிஸ்டம் ஆப்பும் இருக்கட்டும்’ என்ற குறிப்பு கியூஆருக்குள் இருக்க வேண்டும், நிறுவனத்திடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: அந்தக் கியூஆருக்குள் கடை வைஃபையின் பாஸ்வேர்டும் பெரும்பாலும் இருக்கும். யாராவது படம் எடுத்துக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் போகும். அமைப்பு வேலைக்கென்று தனி வைஃபை பெயர் வைத்துக்கொள்வது நல்லது.

அமைத்த போனின் பூட்டுத் திரையில் ‘இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது’ என்ற வகையில் ஒரு வரி நிற்கும். வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் பயந்துபோய்த் திரும்பி வருவார். ஐடி வேலைக்காரராக இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே டிவைஸ் ஓனர் இருக்கும் போனில் அவருடைய அலுவலகத்தின் ‘வொர்க் புரொஃபைல்’ (அலுவலக ஆப்களுக்கான தனிப் பகுதி) அமையாது.

இனி ரீசெட் விஷயம். செட்டிங்ஸ் வழியை அடைத்தாலும், பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்தி ரெக்கவரிக்குள் போய் அழிக்கும் வழி பெரும்பாலான போன்களில் திறந்தே இருக்கும். கியூஆரில் அமைத்த டிவைஸ் ஓனர் அதோடு அழிந்துவிடும். அதற்கு மேல் தடுப்பது ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த ஏற்பாடு: ரீசெட் பாதுகாப்புக்கு (அழித்த போனைத் திறக்கக் கூகுள் கணக்கு கேட்பது) எந்தக் கூகுள் கணக்கு செல்லும் என்பதை டிவைஸ் ஓனரே குறித்துவைக்கலாம். நிறுவனத்தின் கணக்கைக் குறித்திருந்தால் ரெக்கவரியில் அழித்த போன் அந்தக் கணக்கைக் கேட்டு நின்றுவிடும். பூட்டு போய்விட்டாலும் போன் பயன்படாது. இதற்கு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஓஇஎம் அன்லாக்’ (போனின் அடிப்படை மென்பொருளை மாற்ற விடும் அமைப்பு) அணைந்திருக்க வேண்டும். எனவே தவணைக்கு ஆண்ட்ராய்டு 11க்குக் கீழே எதையும் கொடுக்காதீர்கள். லாக் ஆப் விற்பவரிடம் முதல் கேள்வியாக ‘ரெக்கவரியில் ரீசெட் அடித்தால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள், முடிந்தால் உங்கள் கண் முன்னே ஒரு போனில் செய்து காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே வழுக்குவார்கள்.

ரீசெட்டைத் தாண்டியும் பிடிக்கும் முறைகள் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க அடையாள எண்) சர்வரில் பதிவதை நம்பியவை. சாம்சங்கில் இது ‘நாக்ஸ் கார்டு’, தவணை விற்பனைக்கென்றே செய்தது. ஐஎம்இஐயைப் பேனலில் ஏற்றி ஒப்புதல் கொடுத்தால் போதும். பூட்டு போனின் அடித்தளத்திலேயே இருப்பதால் ரீசெட் அடித்தாலும் அமைப்பின்போது திரும்ப வந்து உட்காரும். நினைவூட்டல் திரை, சிம்மை மாற்றினால் பூட்டு, குறிப்பிட்ட நாள் சர்வரோடு பேசாவிட்டால் தானே பூட்டு, இணையம் இல்லாத போனைப் பின் எண்ணால் திறப்பது எல்லாம் அதிலேயே உண்டு. கூகுளின் ‘ஜீரோ டச்’ பல கம்பெனிப் போன்களுக்கும் பொது, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ரீசெல்லர் வழியாக வாங்கிய செட்டுகளைத்தான் பதிய முடியும். மொத்தக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிய சரக்கை உள்ளே நுழைக்க முடியாது. கடன் கொடுப்பவர்களுக்கென்று கூகுள் தனியாக ‘டிவைஸ் லாக் கன்ட்ரோலர்’ என்ற ஒன்றையும் வைத்திருக்கிறது. அது பூட்டினாலும் அவசர அழைப்பும் செட்டிங்ஸும் திறந்தே இருக்கும். உங்கள் விற்பனையில் சாம்சங் பாதிக்கு மேல் என்றால் அவற்றுக்கு நாக்ஸ் கார்டும் மற்றவற்றுக்கு டிவைஸ் ஓனரும் என்று பிரித்து வைப்பதுதான் நடைமுறையில் குறைந்த தலைவலி.

ஐபோனில் கதை வேறு. ‘சூப்பர்வைஸ்டு’ நிலையில், அதாவது ஒரு நிறுவனத்தின் முழு நிர்வாகத்தில் இருக்கும் ஐபோனை மட்டும்தான் தொலைவிலிருந்து உறுதியாகப் பூட்ட முடியும். அது ஆப்பிளின் வணிகக் கணக்கில் ரீசெல்லர் மூலம் பதிவாகி வர வேண்டும். கடையில் வாங்கிய போனை ‘ஆப்பிள் கான்ஃபிகரேட்டர்’ வைத்துக் கையால் சேர்க்கலாம், ஆனால் முதல் 30 நாளுக்குள் பயனரே அதிலிருந்து விலகிக்கொள்ள ஆப்பிள் இடம் கொடுத்திருக்கிறது. தவிர, அந்த ஏற்பாடு நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கும் போன்களுக்கானது, தவணை வியாபாரத்துக்கு என்று வந்ததல்ல. சில கடைகள் தங்கள் சொந்த ஆப்பிள் ஐடியைப் போட்டுக் கொடுத்து, ‘முழுசா கட்டினதும் மாத்திக்கலாம்’ என்கின்றன. அதைச் செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் படங்களும் தொடர்புகளும் உங்கள் ஐக்ளவுடில் வந்து விழும், அவர் எங்கே போகிறார் என்பதும் தெரியும். பெண் வாடிக்கையாளர் ஒருவர் புகார் கொடுத்தால் அது தவணைத் தகராறு என்ற அளவில் நிற்காது. ஐபோனுக்கு முன்பணத்தைக் கூட்டி வாங்குவதே சரியான பூட்டு.

பூட்டும் கட்டளை எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பேனலில் ‘லாக்’ அழுத்தியதும் கூகுளின் புஷ் சேவை வழியாக ஒரு செய்தி கிளம்புகிறது. போன் அணைந்திருந்தாலோ டேட்டா இல்லாவிட்டாலோ செய்தி அங்கேயே காத்திருக்கும். அதிகபட்சம் 28 நாள், பிறகு காலாவதி. ஆகவே ‘டேட்டாவை அணைத்துவிட்டால் தப்பலாம்’ என்பது ஆளுக்கு ஆள் தெரிந்த வித்தை. இதற்கு மாற்று, பூட்டும் தேதியைப் போனுக்குள்ளேயே எழுதிவைப்பது: 5ஆம் தேதி டியூ, 10ஆம் தேதிவரை சர்வரிடமிருந்து ‘கட்டியாச்சு’ என்ற சேதி வராவிட்டால் தானே பூட்டிக்கொள். போனின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி ஏமாற்றாமலிருக்கத்தான் தேதி நேர அமைப்பை அடைப்பது.

கென்யாவில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் 2020 ஜூலையில் கூகுளோடு சேர்ந்து தொடங்கிய ‘லிபா ம்டோகோ ம்டோகோ’ திட்டம் நாளுக்கு 20 ஷில்லிங் கட்டும் வகை. அங்கே தினம் கட்டும் பணம் தினமும் போனைத் திறந்து வைக்கிறது. தொகை சின்னது, எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையில் உடனே கட்டலாம், பூட்டினாலும் அன்றைக்கே மீளலாம். நம் ஊரில் மாதம் ₹1,800 டியூவை வைத்துக்கொண்டு அதே பூட்டைப் போட்டால் அதே பலன் வராது. பூட்டியதும் ₹1,800 புரட்ட முடியாதவர் போனையே மூலையில் எறிந்துவிட்டு, பழைய போனில் சிம்மைப் போட்டுக்கொள்வார். தினக்கூலிக்காரர்களுக்குக் கொடுப்பதானால் வாரத் தவணை பற்றி நிதி நிறுவனத்திடம் பேசிப் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: பூட்டிய திரை எப்படி இருக்க வேண்டும். டிவைஸ் ஓனர் பூட்டு என்பது போனை ஒரே ஆப்புக்குள் அடைத்துவைப்பது. அந்த நிலையில் மேலிருந்து இழுக்கும் பட்டி வராது, ஹோம் பட்டன் வேலை செய்யாது. இதில் உள்ள பொறியைப் பாருங்கள். மொபைல் டேட்டா அணைந்த நிலையில், உள்ளிருக்கும் தேதிப்படி போன் பூட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் பதறிப்போய்ப் பணத்தைக் கட்டிவிட்டார். சர்வர் ‘திற’ என்று அனுப்புகிறது. போனில் டேட்டா இல்லை; டேட்டாவை ஆன் செய்யும் பட்டியும் பூட்டுக்குள். ரீசார்ஜ் முடிந்துபோன சிம் என்றாலும் இதே கதிதான். ‘கட்டியும் திறக்கவில்லை’ புகார்களுக்கு முதல் காரணம் இது.

அதனால் பூட்டுத் திரையிலேயே இவை இருந்தாக வேண்டும்: வைஃபை அமைப்பைத் திறக்கும் பட்டன், மொபைல் டேட்டாவை ஆன் செய்யும் வழி, 112 அவசர அழைப்பு, உதவி எண்ணுக்கு நேரடி அழைப்பு, எவ்வளவு பாக்கி என்ற தொகை, பணம் கட்டும் வழி. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். அந்த மனிதரின் யூபிஐ ஆப் அந்தப் போனுக்குள்தானே இருக்கிறது? அதைப் பூட்டிவிட்டு ‘பணம் கட்டு’ என்றால் எதைக் கொண்டு கட்டுவார்? குறைந்தது ஒரு யூபிஐ ஆப்பையும் ஓடிபி வரும் மெசேஜ் ஆப்பையும் அனுமதிப் பட்டியலில் வைக்கச் சொல்லுங்கள். உள்வரும் அழைப்பை அடைக்காதீர்கள். உங்கள் ஆளே கூப்பிட வேண்டியிருக்கும், அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகலாம்.

இணையமே இல்லாத போனைத் திறக்க ஒரு குறியீட்டு எண் முறை கட்டாயம் வேண்டும். திரையில் ஒரு எண் தெரியும், வாடிக்கையாளர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு அதைப் படித்துச் சொல்வார், பேனல் அதற்கான பதில் எண்ணைத் தரும், அவர் தட்டினால் திறக்கும். இது இல்லாத மென்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

‘கட்டியும் திறக்கவில்லை’ என்பதற்கு இரண்டாவது காரணம் கணக்குப் பிழை. இரண்டு சிம் போனில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும். பில்லில் இரண்டாவது எண், பேனலில் முதல் எண் என்றால் பணம் வந்தது போனோடு பொருந்தாது. *#06# போட்டு இரண்டையும் பதிந்துவையுங்கள். மொத்தமாக எக்செல்லில் ஏற்றுபவர்களுக்கு இன்னொரு வினை: 15 இலக்க எண்ணை எக்செல் அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும், அதை அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்னிலக்கங்கள் சைபராகிவிடும். அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுத்தான் எண்ணை ஒட்ட வேண்டும். மூன்றாவது, வங்கி நேரம். ஆட்டோபே, நாச் (வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் முறைகள்) வழியாக எடுத்த பணம் நிறுவனத்தின் கணக்கில் ‘வந்தது’ என்று காட்ட அடுத்த வேலை நாள் ஆகலாம். டியூ தேதிக்கு மறுநாளே பூட்டுவது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது.

ஓரளவு பொறுப்பான கால அட்டவணை இப்படி இருக்கும்: ஐந்து நாள் முன்பு நினைவூட்டல், டியூ அன்று ஒரு செய்தி, மூன்றாம் நாள் அழைப்பு, ஐந்தாம் நாள் திரையில் அறிவிப்பு, பூட்டும் தேதியை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டுப் பிறகு பூட்டு. சனிக்கிழமை சாயங்காலமோ பண்டிகைக்கு முந்தைய நாளோ பூட்டாதீர்கள். திறந்துவிட ஆள் இருக்கும் நேரத்தில்தான் பூட்ட வேண்டும். ‘அழி’ என்று ஒரு பட்டன் பேனலில் இருந்தால் அதைக் கடை ஊழியரின் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒருவரின் பிள்ளைப் படங்களை அழிப்பதால் ஒரு ரூபாயும் வசூலாகாது.

சட்டம். வங்கிகளும் என்பிஎஃப்சி எனப்படும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் ரிசர்வ் வங்கியின் கீழ் வருபவை. 2024இல் போனைப் பூட்டும் ஆப்களை நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களிடம் சொன்னது. முன் ஒப்புதல் வேண்டும், பூட்டிய போனின் தனிப்பட்ட தரவைத் தொடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்க யோசிப்பதாக 2025 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஆகவே, ‘எல்லாரும் பண்றாங்க’ என்பதை ஆதாரமாகக் கொள்ளாமல், உங்கள் நிதி நிறுவனத்திடம் இன்றைய விதிப்படி பூட்ட அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டும் பட்டன் அவர்கள் கையில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் சாதனத்தை அவர் பயன்படுத்த முடியாமல் தடுப்பது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வந்து விழக்கூடியது. ஒப்புதலை வாடிக்கையாளர் படிக்கும் மொழியில், அதாவது தமிழில், தனித் தாளில் வாங்குங்கள்: எந்த நாளில் பூட்டும், பூட்டினால் எது வேலை செய்யும், எப்படித் திறக்கும். இருபது பக்க ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு வரியாக இருந்தால் அதற்கு மதிப்புக் குறைவு.

ரிசர்வ் வங்கியின் 2022 டிஜிட்டல் கடன் விதிகளிலிருந்தே கடன் ஆப்கள் போனின் கோப்புகள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. உங்கள் லாக் ஆப் தொடர்புகளைக் கேட்டால் அந்த மென்பொருளையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பூட்டுவதற்கு அது தேவையே இல்லை. வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூடாது. ‘அன்லாக் சார்ஜ் ₹200’ என்று சில கடைகள் வாங்குகின்றன. கடனுக்கான முக்கிய விவரத் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் வாடிக்கையாளர் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 14448 அதற்கான எண்.

டியூ கட்டாத போனைத் ‘திருட்டு’ என்று சொல்லி அரசின் சிஇஐஆர் தளத்தில் முடக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அது தொலைந்த, திருடுபோன போன்களுக்கானது. காவல்துறைப் புகாரோடு சேர்த்துத்தான் பதிய முடியும், பொய்ப் புகார் உங்கள் மேலேயே திரும்பும். அதே போல, பூட்டிலிருந்து தப்ப ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் சர்வீஸ் கடைக்காரர் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு சிறை வரை போகக்கூடிய வேலையைச் செய்கிறார்.

கடன் முடிந்த பிறகு விடுவிப்பதில் வரிசை முக்கியம். முதலில் ரீசெட் பாதுகாப்பில் குறித்த நிறுவனக் கணக்கை நீக்க வேண்டும், அடுத்து தடைகளை, அதற்குப் பின் டிவைஸ் ஓனரை, கடைசியாக நாக்ஸ் கார்டு அல்லது ஜீரோ டச் பேனலிலிருந்து ஐஎம்இஐயை. நாக்ஸ் கார்டில் ‘அன்லாக்’ என்பது வேறு, ‘கம்ப்ளீட்’ என்பது வேறு. முதலாவது இந்த மாதத்துக்குத் திறப்பது, இரண்டாவதுதான் நிரந்தர விடுதலை. டிவைஸ் ஓனரை மட்டும் எடுத்துவிட்டுப் பேனல் பதிவை மறந்தால் போன் நன்றாகவே ஓடும். இரண்டு வருடம் கழித்து அதை வாங்கிய மூன்றாம் மனிதர் ரீசெட் அடிக்கும்போது உங்கள் நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து நிற்கும். மென்பொருள் கம்பெனியே மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். உள்ளிருக்கும் தேதிப் பூட்டு, பதில் சொல்லச் சர்வர் இல்லாமல், ஒழுங்காகக் கட்டியவர்களின் போனையும் சேர்த்து அடைத்துவிடும்.

கடைசித் தவணை கட்டியவரைக் கடைக்கு வரச் சொல்லி, அவர் தன் படங்களைச் சேமித்துக்கொண்ட பிறகு, நோ டியூ சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே ஒரு ரீசெட் அடித்து இணையத்தோடு அமைத்துக் காட்டுங்கள். நிறுவனப் பெயர் எங்கும் வராமல் அவருடைய கூகுள் கணக்கு நேராக உள்ளே போனால் வேலை முடிந்தது. இருபது நிமிடம் ஆகும்.